அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினில் ராக்கர் உயரம் வைப்பது எப்படி: புஷ் ராடைக் குறை சொல்வதற்கு முன்

பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பிரித்து வேலை செய்கிற பலர், போர் அடிப்பதற்கும் பிஸ்டனுக்கும் கிராங்க் கிரைண்டிங்குக்கும் கணக்குப் பார்த்துச் செலவு செய்வார்கள், ஹெட்டின் மேலே இருந்து வால்வுகளை அழுத்தித் திறக்கிற ராக்கர் செட் வந்ததும் "கழற்றின மாதிரியே மாட்டிவிடு" என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் டேப்பட் சத்தம், வால்வு கைடில் ஆட்டம், சைலன்சரில் நீலப் புகை. மெக்கானிக்கைத் திட்டுவார்கள், ஆயிலைத் திட்டுவார்கள், கடைசியில் யாராவது ஒருவர் "புஷ் ராடு நீளம் சரியில்லை, மாத்துங்க" என்பார்.

புஷ் ராடு என்பது கேமின் அசைவை ராக்கருக்குக் கொண்டுபோகிற கம்பி. அந்த ஆலோசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அமெரிக்க வி8 வீடியோக்கள். செவர்லே ஸ்மால் பிளாக் மாதிரி இன்ஜின்களில் ஒவ்வொரு ராக்கரும் தனித்தனி ஸ்டட்டில் உட்கார்ந்திருக்கும், நட்டை இறக்கினால் ராக்கரும் இறங்கும். அங்கே புஷ் ராடு நீளம்தான் ராக்கர் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. நம் அம்பாசடரில் இருப்பது பிரிட்டிஷ் பிஎம்சியின் பி சீரிஸ் இன்ஜின். எட்டு ராக்கரும் ஒரே ஷாஃப்ட்டில் கோத்திருக்கும், அந்த ஷாஃப்ட் நான்கு பெடஸ்டல் (தாங்கும் கால்) மேல் நிற்கும், பெடஸ்டல் ஹெட்டில் உட்கார்ந்திருக்கும். இங்கே புஷ் ராடை ஓர் இன்ச் நீளமாக்கினாலும் ஷாஃப்ட் உயரம் ஒரு நூல்கூட மாறாது. வால்வின் தலையை (தண்டின் மேல் முனையை) ராக்கர் எந்தக் கோணத்தில் அழுத்துகிறது என்பது ஷாஃப்ட் உயரத்தைப் பொறுத்தது, அந்த உயரத்தைப் பெடஸ்டலுக்கு அடியில்தான் மாற்ற முடியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

முதலில் எதைச் சரி என்கிறோம் என்று பார்ப்போம். ராக்கர் ஒரு வட்டத்தில் ஆடுகிறது, வால்வு நேர்கோட்டில் இறங்குகிறது. ஆகவே ராக்கரின் மூக்கு வால்வுத் தலையின் மேல் கொஞ்சமாவது வழுக்கித்தான் ஆக வேண்டும், அதை ஒழிக்க முடியாது, குறைக்கலாம். வால்வு பாதி திறந்திருக்கும்போது ராக்கர் கை வால்வுத் தண்டுக்குச் செங்குத்தாக, அதாவது 90 டிகிரியில் நின்றால் வழுக்கல் ஆகக் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வால்வுப் பக்கக் கை நீளம் 38 மி.மீ., வால்வு மொத்தம் 8 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதியில் 90 டிகிரி என்றால் மூக்கு பக்கவாட்டில் நகர்வது சுமார் 0.21 மி.மீ. அதே ராக்கர் வால்வு மூடியிருக்கும்போதே 90 டிகிரியில் நின்றால் நகர்வு 0.85 மி.மீ., ஏறக்குறைய நாலு மடங்கு. இந்த வழுக்கல் ஒவ்வொன்றும் வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்வது தண்டைச் சுற்றி இருக்கிற கைடு. கைடு வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகிறது, ஆயில் அதன் வழியே இறங்குகிறது.

அதே சமயம் பயந்துவிடவும் வேண்டாம். ஷாஃப்ட் உயரம் 0.3 மி.மீ. தப்பாக இருந்தால் இன்ஜின் அதைக் கண்டுகொள்ளாது. அரை மி.மீ.க்கு மேல் போனால் பார்க்க வேண்டும், ஒன்றரை மி.மீ. என்றால் வழுக்கல் இரட்டிப்பாகிவிடும். கடிகாரம் செய்கிற மாதிரி நூறில் ஒரு பங்கு வரை துரத்துவது நேர விரயம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, இந்த உயரம் எப்படிக் கெடுகிறது? ஹெட்டை ஃபேஸ் அடித்தால் கெடும் என்று நினைப்பவர்கள் அதிகம், ஆனால் கெடாது. பெடஸ்டலும் வால்வும் இரண்டுமே ஹெட்டில்தான் இருக்கின்றன, ஹெட்டின் அடியைச் சீவினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும், அவற்றுக்கு நடுவே இருக்கிற உறவு மாறாது. மாறுவது புஷ் ராடு பக்கம் மட்டும், அதற்குப் பிறகு வருகிறேன். உயரத்தை உண்மையில் கெடுப்பது வால்வு மூடும்போது உட்காருகிற வால்வு சீட். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் வடிவமைத்தது, சீட் தனியாக இல்லாமல் ஹெட்டின் இரும்பிலேயே வெட்டியிருக்கும். 2000-இல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு மாறினோம். அதன் பிறகு எக்ஸாஸ்ட் சீட் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிவிழும், வால்வு உள்ளே போகும், தண்டு மேலே ஏறும். டேப்பட் இடைவெளி (ராக்கர் மூக்குக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விடுவது) அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் இதுதான் நடக்கிறது என்று அர்த்தம். இதற்கு மேல் ஒவ்வொரு முறை ஹெட் இறங்கும்போதும் லேத்தில் சீட்டை வெட்டுவார்கள். மூன்று நான்கு முறை வெட்டிய ஹெட்டில் தண்டு ஒன்றரை மி.மீ. மேலே நிற்பது சர்வ சாதாரணம். வேறு நீளமுள்ள வால்வைப் போட்டாலும், லிஃப்ட் (வால்வு திறக்கும் அளவு) அதிகமான கேம் போட்டாலும் உயரம் மாறும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லேத் பட்டறையில் கொடுத்து வாங்கிய ஹெட், இரண்டு எக்ஸாஸ்ட் சீட்டை மட்டும் மற்றதைவிட ஒன்றரை மி.மீ. ஆழமாக வெட்டியிருந்தார்கள். நான் அளந்து பார்த்தது அந்த இரண்டில் ஒன்றை, முதல் வால்வை மட்டும். ஒன்றரை மி.மீ. ஏறியிருக்கிறது, சரி ஷிம் (உயரம் கூட்டும் தகடு) போடுவோம் என்று நான்கு பெடஸ்டலுக்கும் ஒன்றரை மி.மீ. ஷிம் வெட்டிப் போட்டேன். இரண்டு வால்வுக்கு அளவு சரியானது, மீதி ஆறுக்கும் அதே அளவு எதிர்ப்பக்கம் தப்பாகிப் போனது. அடுத்த முறை கவரைத் திறந்தபோது அந்த ஆறு வால்வுத் தலையிலும் தேய்ந்த பட்டை மற்ற இரண்டைவிட இரண்டு மடங்கு அகலம். சீட்டை ஆழமாக வெட்டியது பட்டறைக்காரர் தப்பு, எட்டையும் அளக்காதது என் தப்பு.

ஆகவே முதல் வேலை எட்டுத் தண்டின் உயரத்தையும் அளப்பது. கைடு மாற்றம், சீட் வேலை, வால்வு கிரைண்டிங் எல்லாம் முடிந்து இனி அந்தப் பக்கம் போகப் போவதில்லை என்ற நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தடவை செய்வீர்கள். பெடஸ்டல் உட்காரும் தளத்தில் ஒரு நேரான பட்டையை வைத்து, வெர்னியரின் ஆழம் பார்க்கும் கம்பியால் அங்கிருந்து தண்டு எவ்வளவு மேலே நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எட்டுக்கும் நடுவே வித்தியாசம் 0.25 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. ஏதாவது ஒன்று மட்டும் எகிறி நின்றால் அந்த சீட்டுக்கு கடினமான இன்சர்ட் (தனி வளையம்) போட்டு வால்வைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதே சரியான வைத்தியம், எப்படியும் இன்றைய பெட்ரோலுக்கு எக்ஸாஸ்ட் நான்குக்கும் இன்சர்ட் போடுவது நல்லது. தண்டின் தலையைக் கிரைண்ட் செய்து உயரம் குறைக்கலாம் என்பார்கள். கால் மி.மீ. வரை சரி, அதற்கு மேல் போனால் மேலே இருக்கிற கெட்டியான தோல் போய்விடும், உள்ளே இருப்பது மிருதுவான இரும்பு, ராக்கர் அதைக் காளான் மாதிரி விரித்துவிடும், அப்புறம் அந்த வால்வை கைடு வழியே வெளியே இழுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இதை அளக்கும்போதே ஸ்பிரிங் உட்காரும் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். தண்டு ஏறினால் மேல் வாஷரும் ஏறும், ஸ்பிரிங் தளரும். எவ்வளவு ஏறியதோ அவ்வளவு ஸ்பிரிங்குக்கு அடியில் ஷிம்.

அடுத்து ராக்கரும் ஷாஃப்டும். ஷாஃப்டைக் கையில் எடுத்து மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், ஏமாறாதீர்கள். புஷ் ராடும் வால்வு ஸ்பிரிங்கும் இரண்டு முனையிலும் ராக்கரை மேலே தள்ளுகின்றன, ஆகவே தேய்வது ஷாஃப்டின் அடிப்பக்கம். நகத்தால் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், ராக்கர் உட்காரும் இடத்தில் படி தட்டினால் ஷாஃப்ட் போச்சு. ராக்கர் மூக்கில் பள்ளம் விழுந்திருந்தாலும் அப்படியே. வளைவாக இருக்க வேண்டிய மூக்கு பள்ளமாக இருந்தால் நீங்கள் எடுக்கும் எந்த அளவுக்கும் அர்த்தமில்லை, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ்கூட பள்ளத்துக்கு மேல் பாலம் போட்டுப் பொய் சொல்லும்.

இப்போது முக்கியமான வேலை. ஹெட்டை இன்ஜினில் மாட்டவே வேண்டாம். வால்வு கீழே இறங்க இடம் இருக்கிற மாதிரி மேஜையில் இரண்டு மரக்கட்டை வைத்து அதன் மேல் ஹெட்டை உட்கார வையுங்கள். ஒரு இன்லெட், ஒரு எக்ஸாஸ்ட், இரண்டிலும் அசல் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற மெல்லிய ஸ்பிரிங்கைப் போட்டு வால்வு லாக் மாட்டுங்கள். விரலால் அழுத்தினால் வால்வு இறங்க வேண்டும். (இந்த இன்ஜினில் முன்னாலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட், மற்றவை இன்லெட்.) ராக்கர் ஷாஃப்டைப் பெடஸ்டலோடு வைத்து நட்டுகளை இறுக்குங்கள். டயல் கேஜின் ஊசி ஸ்பிரிங்கின் மேல் வாஷரில் நிற்கட்டும். புஷ் ராடு? வேண்டாம். ராக்கர் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தியே வால்வைத் திறக்கலாம், வால்வுப் பக்கக் கோணத்துக்கும் புஷ் ராடுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டுமா.

முழு லிஃப்ட் எவ்வளவு என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதை மட்டும் பிளாக்கில் கேமும் லிஃப்டரும் (கேமுக்கும் புஷ் ராடுக்கும் நடுவே இருப்பது) இருக்கும்போது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புஷ் ராடு தலையில் டயல் கேஜ் வைத்து கிராங்கைச் சுற்றினால் புஷ் ராடு ஏறும் அளவு கிடைக்கும், அதை ராக்கரின் விகிதத்தால் பெருக்கி, டேப்பட் இடைவெளியைக் கழித்தால் வால்வின் லிஃப்ட். புத்தகத்தில் போட்டிருக்கிற அளவை நம்பாதீர்கள், தேய்ந்த கேமும் ரீகிரைண்ட் செய்த கேமும் புத்தகம் படித்ததில்லை.

வால்வுத் தலையில் மார்க்கர் மையைப் பூசி உலரவிடுங்கள். வால்வு மூடியிருக்கும் நிலையில் மூக்கை லேசாக நாலைந்து முறை தட்டினால் மையில் மெல்லிய கோடு விழும். அப்புறம் டயல் கேஜ் முழு லிஃப்டைக் காட்டும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை மூக்கில் தட்டச் சொல்லுங்கள், இன்னொரு கோடு விழும். லென்ஸ் வைத்து இரண்டு கோட்டையும் பாருங்கள். உயரம் சரியாக இருந்தால் மூக்கு பாதி வழி வரை ஷாஃப்டை விட்டு வெளியே போய், மீதி வழியில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருக்கும், அதாவது இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழும். முழு லிஃப்ட் கோடு ஷாஃப்டைவிட்டுத் தள்ளி வெளிப்பக்கம் விழுந்தால் ஷாஃப்ட் தாழ்ந்து கிடக்கிறது, ஷிம் போட்டு ஏற்ற வேண்டும். ஷாஃப்ட் பக்கமாக உள்ளே விழுந்தால் ஷாஃப்ட் உயரமாக இருக்கிறது, பெடஸ்டலின் அடியைச் சீவ வேண்டும். மேலே சொன்ன 38 மி.மீ. கை, 8 மி.மீ. லிஃப்ட் கணக்கில், இரண்டு கோட்டுக்கும் நடுவே 0.1 மி.மீ. இருந்தால் ஷாஃப்ட் உயரத்தில் ஏறக்குறைய அரை மி.மீ. பிசகு.

இந்த இடத்தில் பலர் செய்கிற தப்பு, கோடு வால்வுத் தலையின் நட்டநடுவில் விழுந்தால் எல்லாம் சரி என்று நினைப்பது. நடுவில் விழுவது வேறு, வழுக்கல் குறைவாக இருப்பது வேறு. அகலமான பட்டை நடுவில் இருப்பதைவிட மெல்லிய பட்டை கொஞ்சம் தள்ளி இருப்பது மேல். விளிம்பைத் தொடாமல் இருந்தால் போதும். நடுவுக்குக் கொண்டுவருகிறேன் என்று பெடஸ்டல் ஓட்டையை அரத்தால் ராவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

ஷிம் ஸ்டீல் தகடாக இருக்கட்டும். குளிர்பான டப்பாவை வெட்டிப் போட்ட ஹெட்டைப் பார்த்தேன், அலுமினியம் நசுங்கி நட்டு தளர்ந்திருந்தது. மெல்லியதாக ஐந்து போடுவதைவிடத் தடிமனாக ஒன்று போடுங்கள், நான்கு பெடஸ்டலுக்கும் ஒரே தடிமன். அப்புறம் மறக்கவே கூடாத ஒன்று: ராக்கர் ஷாஃப்டுக்கு ஆயில் ஹெட்டிலிருந்து ஒரு பெடஸ்டலின் துளை வழியாகத்தான் ஏறுகிறது. அந்தப் பெடஸ்டலின் ஷிம்மில் அதே இடத்தில் துளை இல்லாவிட்டால் ராக்கர் செட் முழுக்கக் காய்ந்து போகும். ஷிம் போட்டு முடித்ததும் ஹெட்டின் அடியிலிருந்து அந்தத் துளையில் ஆயில் கேனை வைத்து அழுத்துங்கள், ராக்கர்களில் ஆயில் கசிந்தால்தான் அடுத்த வேலை.

லிஃப்ட் அதிகமான கேம் போடுகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. லிஃப்ட் 2 மி.மீ. கூடினால் பாதிப் புள்ளி 1 மி.மீ. கீழே போகும், ஷாஃப்டை அவ்வளவு இறக்க வேண்டும். ஏற்கெனவே குழிவிழுந்த சீட்டால் தண்டு 1 மி.மீ. ஏறியிருந்தால் ஏற்ற வேண்டியதும் இறக்க வேண்டியதும் கழிந்து சும்மா இருந்தாலே சரியாகிவிடும். அளந்த பிறகு சும்மா இருக்க வேண்டும், அளக்காமல் அல்ல.

இப்போதுதான் புஷ் ராடின் முறை. ஷாஃப்டை எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு புஷ் ராடு குட்டையாகிவிட்டது மாதிரி, ஹெட்டை எவ்வளவு ஃபேஸ் அடித்தீர்களோ அவ்வளவு நீளமாகிவிட்டது மாதிரி. தண்டு 0.8 ஏறி ஷாஃப்டை 0.8 ஏற்றி, ஹெட்டில் 0.5 எடுத்திருந்தால் மிச்சம் 0.3 மி.மீ. தான், அதை ராக்கரில் இருக்கிற அட்ஜஸ்டர் ஸ்குரூவே சமாளிக்கும். பழையதைவிடத் தடிமனான கேஸ்கட் போட்டிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்குரூ அதன் பயணத்தின் நடுவாக்கில் நிற்க வேண்டும். முழுக்க மேலே ஏறி நின்றாலோ, கீழே நீளமாகத் துருத்திக்கொண்டு லாக் நட்டுக்குப் பிடிமானம் இல்லாமல் இருந்தாலோ அப்போது புஷ் ராடு நீளத்தைப் பற்றிப் பேசலாம். எட்டு ராடையும் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்தது தாவித் தாவி உருளும்.

மாட்டும்போது இந்த இன்ஜினின் ஒரு குணத்தை நினைவில் வையுங்கள்: பெடஸ்டலைப் பிடிக்கிற நட்டுகளில் நான்கு ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ராக்கர் செட்டை மட்டும் எடுக்கிறேன் என்று அந்த நான்கைத் தளர்த்தி மற்ற ஹெட் நட்டுகளை இறுக்கமாக விட்டால் ஹெட் கோணி, கேஸ்கட் வழியே தண்ணீர் சிலிண்டருக்கோ சம்புக்கோ போகலாம். ரேடியேட்டரைக் காலி செய்துவிட்டு, எல்லா ஹெட் நட்டையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், இறுக்குவதும் அப்படியே.

கடைசிச் சோதனைகள் சீக்கிரம் முடியும். அசல் ஸ்பிரிங்கைப் போட்டு முழு லிஃப்டில் சுருள்கள் ஒட்டிக்கொள்ளாமல் மொத்தம் 1.5 மி.மீ.யாவது இடைவெளி, மேல் வாஷருக்கும் கைடு தலைக்கும் நடுவே அதே அளவு. கேம் மாற்றியிருந்தாலோ ஹெட்டில் நிறைய எடுத்திருந்தாலோ பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி இரண்டு சுற்று கையால் சுற்றி, வெட்டிப் பாருங்கள். இன்லெட்டுக்கு 2, எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. இருந்தால் பயமில்லை. டேப்பட் 15 தௌ (தௌ என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மி.மீ.; கேம் மாற்றியவர்கள் கேமோடு வந்த அளவை வையுங்கள். எந்த வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள், வருகிற எண்ணுள்ள வால்வை அட்ஜஸ்ட் செய்யலாம். 1 திறந்திருந்தால் 8, 3 திறந்திருந்தால் 6.

புது கேமும் லிஃப்டரும் என்றால் முதல் ஸ்டார்ட்டில் ஐட்லிங்கில் விடக்கூடாது, இருபது நிமிடம் 2000 ஆர்பிஎம் வாக்கில் ஓடட்டும். ராக்கர் கவரைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பாருங்கள், ஆயில் தெறிக்கும், பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். புஷ் ராடுகள் மெல்லச் சுழல வேண்டும். ஏதாவது ஒன்று சுழலாமல் ஏறி இறங்கிக்கொண்டு மட்டும் இருந்தால் அதன் அடியில் உள்ள லிஃப்டர் சுழலவில்லை, கேமின் அந்த முகடு தேயப் போகிறது, உடனே நிறுத்திப் பாருங்கள்.

500 கிலோமீட்டரில் ஹெட் நட்டுகளைத் திரும்ப இறுக்கி டேப்பட்டை மறுபடி வைக்க வேண்டும், ஏனென்றால் கேஸ்கட் அமுங்கியதும் இடைவெளி மாறியிருக்கும். அப்போது டார்ச் அடித்து எட்டு வால்வுத் தலையையும் பாருங்கள். ராக்கர் மூக்கு உட்கார்ந்த இடத்தில் மெல்லிய பளபளப்பான கோடு எட்டிலும் ஒரே அகலத்தில் இருந்தால் கவரை மூடிவிடலாம்.